அமேசன்: ஆறு, காடு, கடை. தெரிஞ்ச அதிசயங்களை இங்க கொட்டுங்க

கல்லடிப்பொடியன் | காலை 7.42
எங்கட வாசகர் வட்டத்தால ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு அறிவுப் போட்டி வைக்கிறம். இந்த முறை தலைப்பு அமேசன். ஆறு, காடு, இணையக் கடை மூண்டையும் கலந்து கேள்வி போடுவம் எண்டு முடிவு. தேடிப் பார்த்தா எல்லா இடத்துலயும் ஒரே பட்டியல்தான் சுத்திச் சுத்தி வருது: உலகின் நுரையீரல், உலகின் நீளமான ஆறு, அப்படி இப்படி. பிள்ளைகள் வாயைப் பிளக்கணும், ஆனா நாளைக்கு ஒரு சயன்ஸ் டீச்சர் வந்து எங்கட தலையில குட்டாத மாதிரியும் இருக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பட்டிப்பளை ஆறு | காலை 8.15
தம்பி, நான் நீர்ப்பாசனத்துல வேலை செஞ்சவன். அதால தண்ணிக் கணக்கோட தொடங்குறன். அமேசன் கடலுக்குள்ள கொட்டுற தண்ணி சராசரியா வினாடிக்கு 209,000 கனமீற்றர். இதை இப்படியே சொன்னா பிள்ளைகளுக்கு ஒண்டும் ஏறாது. ஆனபடியால் இப்படிக் கேளுங்க.

சேனநாயக்க சமுத்திரம் முட்ட நிரம்பினா 770,000 ஏக்கர் அடி, அதாவது கிட்டத்தட்ட 95 கோடி கனமீற்றர். இலங்கையிலேயே பெரிய குளம் அதுதான். சம்மாந்துறை, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வட்டையெல்லாம் அந்தத் தண்ணியை நம்பித்தான் வெள்ளாமை செய்யுது. ஒரு சொட்டும் இல்லாம வத்திக் கிடக்கிற அந்தக் குளத்துக்குள்ள அமேசனைத் திருப்பி விட்டா, நிரம்ப எவ்வளவு நேரம் செல்லும்?

ஒன்றேகால் மணித்தியாலம். 95 கோடியை 209,000 ஆல வகுத்தா 4,545 வினாடி வரும், பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும். நாங்க மூண்டு நாலு மாதம் மழையை அண்ணாந்து பார்த்துக் கொண்டிருக்கிற குளம் அது.

உலகத்து ஆறெல்லாம் சேர்ந்து கடலுக்குக் கொண்டு போற நன்னீர்ல ஏறக்குறைய ஐஞ்சில ஒரு பங்கு இந்த ஒரு ஆத்துலதான் போகுது.

ஓட்டமாவடியான் | காலை 8.31
தண்ணி சரி ஐயா. நீளத்துல நைல்தானே முதல்?

பட்டிப்பளை ஆறு | காலை 8.50
வழக்கமாச் சொல்ற கணக்கு நைல் 6,650 கி.மீ., அமேசன் 6,400 கி.மீ. 2007ல பிரேசில் ஆய்வாளர்கள் பெரு நாட்டு மலையில வேற ஊற்றுக்கண்ணைப் பிடிச்சு அளந்து 6,800 எண்டாங்க. ஆறு எங்க தொடங்குது, முகத்துவாரம் எந்த இடம் எண்டதுல ஆளுக்கொரு முடிவு. போட்டியில நீளத்தை மட்டும் கேக்காதீங்க, பெற்றோர் மேடைக்கு ஏறி வருவாங்க. தண்ணி அளவுல ஒருத்தருக்கும் சண்டை இல்ல.

புளியந்தீவு நூலகப்பூச்சி | காலை 9.20
பாலத்தைப் பத்தி ஒருத்தரும் சொல்லல்லயே. அமேசன் பிரதான ஆத்துக்குக் குறுக்கால இவ்வளவு நீளத்துக்கும் ஒரு பாலம் இல்ல. மனாவுஸ் நகரத்துல 2011ல திறந்த பெரிய பாலம் ரியோ நெக்ரோ எண்ட கிளையாத்துக்கு மேல கட்டினது. எங்கட பழைய கல்லடிப் பாலம் 1924, புதுசு 2013. வாவிக்கே ரெண்டு பாலம் வச்சிருக்கிறம், அவங்களுக்கு ஒண்டும் இல்லையா எண்டு பிள்ளைகள் கேப்பாங்க. காரணம், மனாவுஸ் பக்கத்துல மாரிக்கும் கோடைக்கும் தண்ணி மட்டம் 10 மீற்றருக்கு மேல ஏறி இறங்கும். கரை முழுக்கச் சேறு, வருசத்துக்கு வருசம் இடம் மாறும். அதை விட, பாலம் கட்டி எந்த றோட்டோட கொண்டுபோய்ச் சேர்க்கிற? காட்டுக்குள்ள ஊர் ஊராப் போறது படகுலதான்.

அதே மனாவுஸ் பக்கத்துல இன்னொரு காட்சி. கறுத்தத் தேத்தண்ணி நிறத்துல ரியோ நெக்ரோவும் மண் நிறத்துல சொலிமோயிஸும் (அமேசன் பிரதான ஆத்துக்கு அந்தப் பக்கம் சொல்ற பேர்) சந்திக்கிற இடத்துல, ரெண்டு தண்ணியும் கலக்காம ஆறு கிலோமீற்றர் வரை பக்கத்துப் பக்கத்துல ஓடும். ரெண்டுக்கும் வேகம் வேற, சூடு வேற, அடர்த்தி வேற.

சம்மாந்துறை உம்மா | காலை 9.44
உலகத்து ஒட்சிசன்ல 20 வீதம் அமேசன் காடுதான் தருது எண்டு மகன்ட வட்ஸ்அப் குழுவுல போட்டிருந்தாங்க. அதைக் கேள்வியாப் போடலாமே? எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்.

தாவரவியல் டீச்சர் | காலை 10.30
எல்லாருக்கும் தெரிந்த விசயம்தான், ஆனால் பிழையான விசயம். 2019இல் அங்கே தீப்பிடித்தபோது பிரான்ஸ் சனாதிபதி மக்ரோனே அந்த 20 சதவீதத்தை எழுதினார், அதனால் இன்னும் பரவியது.

காடு பகலில் ஒளித்தொகுப்புச் செய்து ஒட்சிசனை வெளியிடுவது உண்மை. ஆனால் அதே மரங்கள் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. கீழே விழுந்த இலையையும் மரத்தையும் உக்க வைக்கும் பூஞ்சையும் பற்றீரியாவும் மிச்சத்தைச் செலவழித்துவிடுகின்றன. கூட்டிக் கழித்தால் வெளியே வந்து சேர்வது ஏறக்குறைய பூச்சியம். நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் கோடிக்கணக்கான வருடங்களாகச் சேர்ந்த கையிருப்பு, ஒரு காடு எரிந்ததால் அது தீர்ந்துபோகாது.

சரியா பிழையா என்ற சுற்றில் போடுங்கள். பெற்றோரும் சேர்ந்து விழுவார்கள்.

எதிர்க்கட்சி | காலை 10.41
அப்ப வெட்டினா ஒண்டும் இல்ல எண்டு சொல்றீங்க. பிறகென்னத்துக்கு இவ்வளவு கூச்சல்?

தாவரவியல் டீச்சர் | காலை 11.05
வேண்டுமென்றே கேட்கிறீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். கூச்சல் ஒட்சிசனுக்கு அல்ல, காபனுக்கும் மழைக்கும். அந்த மரங்களுக்குள் 10,000 கோடித் தொன்னுக்கு மேல் காபன் கட்டிக் கிடக்கிறது. எரித்தால் அது மேலே போகும். காட்டின் தென்கிழக்குப் பகுதி இப்போதே உள்ளே இழுப்பதை விடக் கூடுதலான காபனை வெளியே விடுகிறது என்று லூசியானா கட்டி என்ற பிரேசில் விஞ்ஞானியின் குழு 2021இல் அளந்து காட்டியது.

மழை இன்னும் சுவாரசியம். அத்திலாந்திக் கடலிலிருந்து வரும் ஈரம் முதலில் கிழக்குப் பக்கம் மழையாக விழும். வேர் அதை உறிஞ்சும், இலை அதை ஆவியாக விடும், காற்று அதை மேற்கே தள்ளும், மறுபடி மழை. ஒரே தண்ணீர் இப்படி மேற்கே போகப் போகப் பலமுறை விழுந்து எழும்புகிறது. காட்டில் பெய்யும் மழையில் பெரும் பங்கு காடே தனக்குப் பெய்வித்துக்கொள்வது. நடுவில் வெட்டினால் மேற்கே இருப்பவனுக்கு மழை குறையும். 20 முதல் 25 சதவீதம் காடு அழிந்தால் இந்தச் சங்கிலி அறுந்து, பெரும் பகுதி புல்வெளியாகிவிடும் என்று தோமஸ் லவ்ஜோயும் கார்லோஸ் நோப்ரேயும் 2018இல் எச்சரித்தார்கள். 17 சதவீதம் அளவில் ஏற்கெனவே போய்விட்டது.

எதிர்க்கட்சி | காலை 11.12
சரி டீச்சர், வெட்டல்ல.

ஓட்டமாவடியான் | காலை 11.40
சின்னப் பிள்ளைகளுக்கு ஒண்டு. மின் விலாங்கு. 2019ல புதுசாப் பிரிச்சுப் பேர் வச்ச ஒரு இனம் 860 வோல்ற் வரை அடிக்கும். எங்கட வீட்டு லைன் 230 வோல்ற்தான்.

இன்னுமொண்டு, இது பெரியவங்களுக்கும். ஆபிரிக்காவுல சாட் நாட்டுல போடேலே எண்டு ஒரு வறண்ட பள்ளம், பழைய வாவியின்ட அடி. அங்க கிளம்புற புழுதி அத்திலாந்திக்கைத் தாண்டி வந்து அமேசன் காட்டுல விழுது. நாசா செய்மதித் தரவை வச்சு 2015ல கணக்குப் பார்த்தாங்க: வருசத்துக்கு 2 கோடி 77 இலட்சம் தொன் புழுதி, அதுக்குள்ள 22,000 தொன் பொசுபரசு. மழையில அடிபட்டுக் காட்டை விட்டுப் போற பொசுபரசும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஒரு பாலைவனம் கடல் கடந்து காட்டுக்குப் பசளை போடுது, காசும் வாங்கல்ல.

காத்தான்குடி காக்கா | பகல் 12.35
காட்டுக்காரரே பேசிக்கிட்டு இருக்கிறீங்க, கடைக்காரன் நான் கொஞ்சம் கதைக்கிறன். ஜெஃப் பெசோஸ் 1994 ஜூலை 5ல கம்பனியைப் பதிஞ்சப்போ வச்ச பேர் அமேசன் இல்ல, கடாப்ரா. மந்திரவாதி சொல்ற ஆப்ரகடாப்ராவுல பாதி. தொலைபேசியில அதைக் கேட்ட அப்புக்காத்துக்குக் கடாவர், அதாவது பிணம் எண்ட ஆங்கிலச் சொல்லாக் காதுல விழுந்திருக்கு. கடைக்குப் பிணம் எண்டு பேர் வச்சா ஆர் வருவான்? மறுகா அகராதியை எடுத்து ஆங்கில முதல் எழுத்துல தேடி இந்த ஆத்துல வந்து நிண்டிருக்கிறாரு. அந்தக் காலத்துல இணையப் பட்டியலெல்லாம் அகர வரிசையில கிடந்ததால முதல் எழுத்துக்கு மவுசு. அதோட உலகத்துல பெரிய ஆறு, அதே போல பெரிய கடை எண்ட நினைப்பு. 1995 ஜூலையில புத்தகம் மட்டும் வித்துத் தொடங்கினது. ஆரம்பத்துல ஒரு விற்பனை நடந்தா அலுவலகத்துல மணி அடிக்கும். கொஞ்ச நாள்ல மணிச் சத்தம் தாங்க ஏலாம நிப்பாட்டிட்டாங்க. கடை வச்சிருக்கிறவனுக்குத்தான் அந்தச் சத்தத்தின்ட அருமை தெரியும்.

இதுல எனக்குப் பிடிச்ச பகுதி வழக்குகள். அமெரிக்காவுல மினியாபொலிஸ் நகரத்துல 1970ல இருந்து பெண்கள் சேர்ந்து நடத்தின ஒரு சின்னப் புத்தகக் கடைக்குப் பேரே அமேசன் புக்ஸ்டோர். 1999ல அவங்க கம்பனி மேல வழக்குப் போட்டாங்க. அந்த வருசமே சமரசமாகி, பேரைத் தொடர்ந்து பாவிச்சாங்க.

அடுத்தது நாடுகளோட சண்டை. 2012ல கம்பனி, டொட் கொம் மாதிரி டொட் அமேசன் எண்ட முகவரியையே தனக்கு வேணும் எண்டு விண்ணப்பிச்சுது. அது எங்கட ஆத்துட பேர் எண்டு பிரேசிலும் பெருவும் எழும்பிச்சு, அமேசன் கூட்டுறவு ஒப்பந்தத்துல இருக்கிற எட்டு நாடும் சேர்ந்துக்கிச்சு. வருசக்கணக்கா இழுத்து 2019ல கம்பனிக்குச் சாதகமா முடிஞ்சுது.

எதிர்க்கட்சி | பகல் 12.58
ஆறே அந்தப் பேரைக் கடன் வாங்கினதுதானே காக்கா. 1541-42ல ஒரெய்யானா எண்ட ஸ்பானியர் ஆத்தோட இறங்கி வரேக்க பெண்களும் சேர்ந்து அம்பு எய்தாங்க எண்டு கூடப்போன பாதிரியார் கர்வஹால் எழுதி வச்சார். கிரேக்கக் கதையில வர்ற போர்ப் பெண்கள்ட பேர் ஆத்துக்கு ஒட்டிட்டு. அங்க இருந்த சனத்துக்கிட்ட ஆர் கேட்டது, உங்கட ஆத்துக்கு என்ன பேர் எண்டு?

தாவரவியல் டீச்சர் | பிற்பகல் 2.10
எதிர்க்கட்சி முதல் முறையாக நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்.

இலங்கைத் தொடர்பைப் போட்டியில் விட்டுவிடாதீர்கள். இறப்பர் மரம் அமேசன் காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தபாஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது கொஞ்சம்தான். அதில் பெரும் பகுதி, 1,900க்கு மேற்பட்ட கன்றுகள், அதே வருடம் கண்ணாடிப் பெட்டிகளில் கொழும்புக்கு வந்து கம்பஹாவில் ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. இலங்கை, மலாயாத் தோட்டங்களின் கதை அங்கிருந்துதான் வளர்கிறது. அப்போது இறப்பர் காசில் மிதந்த மனாவுஸ், காட்டு நடுவில் 1896இல் ஒரு இசை நாடக அரங்கையே திறந்திருந்தது. 1913 அளவில் ஆசியத் தோட்ட இறப்பர் பிரேசிலை முந்தியது. மனாவுஸ் படுத்துவிட்டது.

பிரேசில்காரரே வரிசையாக நட்டு வளர்த்திருக்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஹென்றி ஃபோர்ட் 1928இல் அதைத்தான் செய்து பார்த்தார். அதே தபாஜோஸ் கரையில் ஃபோர்ட்லாந்தியா என்று ஒரு நகரமே கட்டினார். இலைக்கருகல் பூஞ்சை தோட்டத்தைத் தின்றது, 1945இல் விற்றுவிட்டுப் போனார். காட்டுக்குள் இறப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித்தான் நிற்கும். நெருக்கி நட்டால் அந்தப் பூஞ்சை கொப்புக்குக் கொப்புத் தாவும். நமக்கு வந்தது கன்று மட்டும், பூஞ்சை வரவில்லை. தாய்நாட்டில் தோட்டமாக வளர முடியாத மரம் இங்கே வரிசையில் நின்று பால் கொடுப்பதற்கு அதுதான் காரணம்.

வலையிறவான் | பிற்பகல் 3.25
டீச்சர், இறப்பர் எங்கட பக்கம் இல்ல, மழை காணாது. ஆனா அமேசன் ஆளொண்டு எங்கட வாவிக்குள்ள கிடக்கு. ஆற்றுவாழை, வெங்காயத்தாமரை எண்டும் சொல்லுவாங்க. அதுட ஊர் அமேசன் பக்கம்தான் எண்டு எங்கயோ வாசிச்ச ஞாபகம், சரியாகா?

மாரி வெள்ளத்தோட குளங்கள்ல இருந்தும் ஆறுகள்ல இருந்தும் அள்ளுண்டு வரும். காலையில தோணி தள்ளப் போனா வலையிறவுப் பாலத்தடியில பச்சைப் பாயா அடைச்சுக் கிடக்கும். துடுப்பு இறங்காது. வலை போட்டா மீனுக்குப் பதிலா வேர்தான் ஏறும், கறுத்து நீட்டு நீட்டா, சேத்தோட. அதைப் பிரிச்செடுக்கிறதுக்குள்ள வெயில் உச்சிக்கு வந்திரும். வாப்பன்மாரும் சரி எங்கட அப்பாமாரும் சரி, அதைத் திட்டாத ஆள் இல்ல. ஆனா பூ பூத்தா ஊதா நிறத்துல, நடுவுல மஞ்சள் பொட்டோட, படம் எடுக்கப் பொடியன்கள் வருவான்கள்.

தண்டைக் குறுக்கால வெட்டிப் பார்த்திருக்கிறீங்களா? அடியில உப்பின குமிழ், உள்ள முழுக்க வெள்ளை நுரை, காத்து அறை அறையா. அமத்தினா கீச்செண்டு சத்தம் வரும். அதாலதான் தாழாம மிதக்குது.

முகத்துவாரம் வெட்டி உப்புத்தண்ணி ஏறினா மஞ்சளிச்சு செத்திரும். மறுகா அடுத்த மாரிக்கு ஆரோ அனுப்பி வச்ச மாதிரி வந்து நிக்கும்.

தாவரவியல் டீச்சர் | பிற்பகல் 4.00
சரி தம்பி, அதன் பூர்வீகம் அமேசன் வடிநிலம்தான். உப்பைப் பற்றிச் சொன்னதும் சரி, அந்தச் செடி உவர்நீரில் தாங்காது. அடுத்த மாரிக்கு வருவதற்குக் காரணம், மேலே நன்னீர்க் குளங்களில் தாய்ச்செடி அழியாமல் கிடக்கிறது. தவிர விதை சேற்றுக்குள் பதினைந்து, இருபது வருடம் உறங்கிக் கிடந்தும் முளைக்கும். நல்ல வெயிலும் சத்துத் தண்ணீரும் கிடைத்தால் இரண்டு கிழமையில் இரண்டு மடங்காகும். வயலில் போட்ட யூரியா வழிந்து குளத்துக்குள் வந்தால் அதற்கு விருந்து.

இது பூவின் அழகுக்காக உலகம் முழுக்கக் கொண்டுபோகப்பட்ட செடி. இலங்கையில் இதற்கென்றே 1909இல் ஒரு சட்டம் போட்டார்கள், ஆற்றுவாழைக் கட்டளைச் சட்டம். நூறு வருடத்துக்கு மேலாகிறது. சட்டமும் இருக்கிறது, செடியும் இருக்கிறது.

இறப்பருக்குச் சொன்னதையே இதற்கும் சொல்லலாம். தாய்நாட்டில் இந்தச் செடியை மட்டும் தின்று வாழும் கூன்வண்டுகள் இருக்கின்றன, இலையைச் சுரண்டும், புழு தண்டைக் குடையும். வெள்ளம் வருடா வருடம் அள்ளிப் போகும். பூவுக்காகக் கொண்டுவந்தவர்கள் வண்டைக் கொண்டுவரவில்லை. ஆபிரிக்காவில் விக்டோரியா ஏரியை இது மூடியபோது 1990களில் அந்த வண்டுகளைத் தேடிப்பிடித்துத்தான் விட்டார்கள். எதிரியை ஊரில் விட்டுவிட்டு வந்த இரண்டு அமேசன்காரர்கள்: ஒன்று நமக்குச் சம்பாதித்துத் தந்தது, மற்றது தம்பியின் வலையைக் கட்டிப்போடுகிறது.

சம்மாந்துறை உம்மா | பிற்பகல் 4.18
மரவள்ளியும் அங்கிருந்து வந்ததுதானே டீச்சர்? மழைக் காலத்துல அவிச்ச மரவள்ளியும் கட்டச் சம்பலும் இல்லாட்டி எங்கட வீட்டுல ஆக்கள் முறைப்பாங்க.

தாவரவியல் டீச்சர் | பிற்பகல் 4.26
ஆம், அமேசனின் தென்மேற்கு ஓரத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே பழக்கி எடுத்த பயிர். மரமுந்திரிகையும் பிரேசில்தான், ஆனால் வடகிழக்குக் கரையோரம். மணல்மண் பிடித்த மரம், அதனால்தான் நம் பக்கத்தில் நன்றாக வருகிறது.

கல்லடிப்பொடியன் | மாலை 5.30
ஆற்றுவாழைக் கேள்விக்கு எழுத்தே வேணாம், செடியையே மேசையில வச்சு இது எந்த நாட்டுக்காரன் எண்டு கேக்கப் போறன். வலையிறவான் அண்ணன், ஒரு செடி கொண்டுவந்து தருவீங்களா?

வலையிறவான் | மாலை 5.37
ஒரு செடியா? லொறி அனுப்பு தம்பி.

தாவரவியல் டீச்சர் | மாலை 5.41
முடிந்ததும் வாய்க்காலில் எறிந்துவிடாதீர்கள். வேரோடு வெயிலில் காயவைத்துப் பசளைக் குழியில் போடுங்கள்.

கணினிக்காரன் கொக்கட்டிச்சோலை | இரவு 8.05
வேலையால வந்து இப்பதான் பார்த்தன். கடையைப் பத்திக் காக்கா சொன்னதோட ஒண்டு சேர்க்கிறன். அமேசன் பெரும் இலாபம் எடுக்கிறது பெட்டி அனுப்பி இல்ல. 2006ல இருந்து தங்கட கணினிகளையும் சேமிப்பிடத்தையும் மத்தவங்களுக்கு வாடகைக்கு விடுறாங்க, ஏடபிள்யூஎஸ் எண்டு. 2023 கணக்குல மொத்த வருமானம் 575 பில்லியன் டொலர், அதுல ஏடபிள்யூஎஸ் 91 பில்லியன், ஆறில ஒரு பங்கும் இல்ல. ஆனா செயற்பாட்டு இலாபம் 37 பில்லியன்ல கிட்டத்தட்ட 25 பில்லியன் அங்கிருந்து. கொழும்புல நாங்க செய்யிற வேலையில பாதி அந்தக் கணினிகள்லதான் ஓடுது. இலங்கைக்கெண்டு அவங்களுக்குத் தனிக் கடைத் தளம் இல்ல. அப்படியிருந்தும் நீங்க ஒரு நாளைக்குத் திறக்கிற எத்தனையோ தளமும் செயலியும் அவங்கட வாடகை வீட்டுலதான் குடியிருக்கு.

காத்தான்குடி காக்கா | இரவு 8.22
அப்ப முன்னால கடை, பின்னால வாடகை வீடு. எங்கட பிரதான வீதிக்காரன்கள் எப்பவோ கண்டுபிடிச்ச வியாபாரம்.

புளியந்தீவு நூலகப்பூச்சி | இரவு 8.40
கிண்டிலை, அமேசன்ட மின்னூல் வாசிக்கிற கருவியை, விட்டுட்டீங்களே. 2007ல வந்தது. தமிழ்ப் புத்தகங்களை 2016 டிசம்பர்ல இருந்து அங்க விக்கிறாங்க. எங்கட பக்கத்து எழுத்தாளர் சிலர்ட புத்தகம் கடையில கிடைக்காது, அங்க கிடைக்கும்.

கணினிக்காரன் கொக்கட்டிச்சோலை | இரவு 8.52
கிடைக்கும், ஆனா ஒரு கதை தெரியணும். 2009ல கம்பனி வாசகர்கள்ட கிண்டிலுக்குள்ள புகுந்து, அவங்க காசு குடுத்து வாங்கின புத்தகத்தை அழிச்சுது. வித்தவருக்கு உரிமை இல்லாத பிரதி, அதுதான் காரணம். காசைத் திருப்பிக் குடுத்தாங்க, பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். அழிஞ்ச புத்தகம் எது தெரியுமா? ஜோர்ஜ் ஓர்வெலின் '1984'. அரசாங்கம் பழைய பத்திரிகைகளைத் தனக்கேத்த மாதிரி மாத்தி எழுதி, மூலப் பிரதியை அழிக்கிற கதை.

சம்மாந்துறை உம்மா | இரவு 9.03
காசு குடுத்து வாங்கினதும் நம்மட இல்லையா?

கணினிக்காரன் கொக்கட்டிச்சோலை | இரவு 9.08
இல்ல ராத்தா. வாசிக்கிற அனுமதியைத்தான் வாங்குறம்.

எதிர்க்கட்சி | இரவு 9.15
நான் நூலகத்துல எடுத்த புத்தகம் ஒண்டு வருசக்கணக்கா வீட்டுல கிடக்கு. இன்னும் ஒருத்தரும் வந்து அழிக்கல்ல.

புளியந்தீவு நூலகப்பூச்சி | இரவு 9.17
எந்த நூலகம்? பேரைச் சொல்லுங்க, தண்டப்பணத்தைக் கணக்குப் பார்த்து வைக்கிறன்.